ராக்கம்மா அக்கா எடுக்காத மூன்று தொட்டிகள்

அன்று நான் சொல்லாமல் விட்டது ஒரே ஒரு வாக்கியம். "அந்த மூன்று தொட்டிகளும் என் கையில் இருந்தவை." பீடோரில் ராக்கம்மா அக்காவின் வீட்டு வாசலில் கட்டியிருந்த கூடாரத்தின் கீழ் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். இரண்டு முறை எழுந்து குழாயடிக்குப் போய்க் கை கழுவினேன். கையில் அழுக்கு ஏதும் இல்லை. அக்காவின் கணவர் வேலு அண்ணன் பக்கத்திலேயே இருந்தார். கேட்டிருப்பார். நான் சொல்லவில்லை.

செய்தி அன்று காலை ஈப்போ பாசாரில்தான் எனக்குக் கிடைத்தது. மீன் விற்கும் ஆறுமுகம் அண்ணன் ஒரு காலத்தில் எங்கள் மீன் பண்ணையிலிருந்து லாரி ஓட்டியவர். நான் கெலி மீனைப் பார்த்துக்கொண்டு நின்றபோது அவர் தராசைக் கீழே வைத்தார்.

"தங்கச்சி, ஒனக்குத் தெரியாதா? ராக்கம்மா போயிருச்சுமா. மூணு நாளு காச்ச, அவ்வளவுதான். இன்னிக்கு ரெண்டு மணிக்கு எடுக்கிறாங்க. போறதுன்னா இப்பவே பஸ் ஏறு."

"எந்த ராக்கம்மா?" என்று கேட்டேன். எனக்கு ஒரே ஒரு ராக்கம்மாவைத்தான் தெரியும்.

பீடோர் வீட்டில் ஒரு பெண் என்னை மற்றவர்களுக்கு அறிமுகப்படுத்தினார். "இதான் அந்த மீன் கொட்டாயில கூட வேல செஞ்ச புள்ள. அக்கா அடிக்கடி சொல்லுமே." என்ன சொல்வார் என்று கேட்டேன். "நெறைய படிக்கிற புள்ளன்னு சொல்லும்" என்றார். நான் எழுந்து குழாயடிக்குப் போனேன்.

பண்ணையில் எங்களோடு இருந்தவர்களும், பின்னாளில் பீடோர் கொய்யாத் தோட்டத்தில் அவரோடு வேலை செய்தவர்களும் இதை வாசிக்கக்கூடும். உங்களில் சிலருக்கு அவர் வேலையிலிருந்து நீக்கப்பட்ட கதை ஒரு விதமாகத் தெரியும். அது எப்படி நடந்தது என்று எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். இந்தப் பத்தி வரை வருவதற்குள் நான்கு முறை எழுந்துவிட்டேன்.

எழுபதுகளின் கடைசியில், லகாட் போகும் வழியில் ஈயம் தோண்டிக் கைவிட்ட குட்டைகளில் ஒரு சீன முதலாளி, எங்கள் பேச்சில் தவுக்கே, கெலி மீன் வளர்த்தார். இந்தியாவில் கெளுத்தி என்பார்களே, அந்த இனம். பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு, இருபது வயதில் அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். மீன் தீவனத்தில் சேர்க்கும் எண்ணெய் வெளிநாட்டிலிருந்து பீப்பாய் பீப்பாயாக வர வேண்டியிருந்தது. பங்கோர் தீவு மீனவர்கள் சுறாவின் ஈரலை உருக்கி எடுக்கும் எண்ணெய் பக்கத்திலேயே கிடைத்தது. அதைக் கொடுத்தால் மீன் செரிக்குமா என்று பார்க்க ஆறு சிமெண்டுத் தொட்டிகளோடு ஒரு கொட்டகை போட்டார்கள். மூன்று தொட்டிக்குப் பீப்பாய் எண்ணெய், மூன்று தொட்டிக்குச் சுறா எண்ணெய்.

சோதனையை நடத்தியவர் கெமிஸ்ட் செல்வதுரை. யாழ்ப்பாணக் குடும்பம், ஈப்போவில் பிறந்தவர். குளிர் நாடொன்றில் படித்துவிட்டு வந்திருந்தார். அங்கே கடலில் வலைக்கூண்டு கட்டிச் சால்மன் மீன் வளர்ப்பதையும், அதற்கு வேறு வேறு கடல் எண்ணெய்களைக் கொடுத்து எது உடம்பில் ஒட்டுகிறது, எது ஒட்டாமல் வெளியேறுகிறது என்று பார்ப்பதையும் கற்றிருந்தார். குளிர்ந்த தண்ணீரில் கெட்டிக் கொழுப்பு சால்மனுக்குச் சரியாகச் செரிக்காது, நம்முடைய வெதுவெதுப்பான குட்டையில் கெலி எதையும் செரித்துவிடும் என்பது அவருடைய நம்பிக்கை. கொட்டகைச் சுவரில் சால்மன் படம் ஒன்றை ஒட்டியிருந்தார். அது கடலெல்லாம் சுற்றிவிட்டுப் பிறந்த ஆற்றுக்கே திரும்பி வரும் என்று ஒருநாள் எங்களுக்குச் சொன்னார்.

"பொறந்த எடத்துக்கே திரும்பி வருமா சார்?" என்று ராக்கம்மா அக்கா கேட்டார். "அங்க யாரும் கார்டு கேக்க மாட்டாங்களா?"

கெமிஸ்டுக்குப் புரியவில்லை. நான் சிரித்துவிட்டேன். அக்கா சிம்பாங் பூலாய் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றின் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். பிறந்ததற்குக் காகிதம் இல்லை. தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது லயமும் போயிற்று. கையில் இருந்தது குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அடையாளக் கார்டு. வேலை செய்வதற்கே தனியாக அனுமதி வாங்க வேண்டும். குடிமக்களுக்கான நீலக் கார்டுக்கு மனுப் போட்டிருந்தார். நிரந்தர வேலையில் இருக்கிறார் என்று முதலாளியிடமிருந்து கடிதம் வாங்கி வைத்தால் மனு நகரும் என்று மனு எழுதிக் கொடுத்தவர் சொல்லியிருந்தார். சோதனை முடிந்ததும் அவரை நிரந்தரமாக்குவதாகக் கெமிஸ்டும் சொல்லியிருந்தார். அந்த ஒரு தாளுக்காகத்தான் அவர் தினமும் ஆறரை மணிக்கே வந்து நின்றார்.

வேலை இதுதான். தீவனத்தில் ஒரு பச்சைத் தூளைக் கலப்போம். மீனுக்கு அது செரிக்காது, அப்படியே கழிவில் வெளியே வரும். கழிவில் பச்சைத் தூளோடு எவ்வளவு எண்ணெய் மிஞ்சியிருக்கிறது என்று பார்த்தால் மீன் எவ்வளவு செரித்தது என்று தெரியும். ஆனால் கழிவை அரை மணிக்கு ஒருமுறை எடுத்துவிட வேண்டும். தொட்டிக்கு அடியில் ஒரு குழாய் இருக்கும். திருப்பினால் கழிவு வந்து விழும். தாமதித்தால் அது தண்ணீரில் கரைந்து, எண்ணெய் மேலே மிதந்து, வழியும் தண்ணீரோடு போய்விடும். எடுத்த கழிவில் எண்ணெய் குறைவாக இருக்கும். மீன் நன்றாகச் செரித்துவிட்டது என்று கணக்கு பொய் சொல்லும்.

எண்ணெய் கலப்பதும் ஆறு தொட்டியிலும் கழிவு எடுப்பதும் அக்காவின் பொறுப்பு. தீவனத்தை நிறுப்பது, எடுத்த கழிவைக் காயவைப்பது, நேரத்தைப் பதிவேட்டில் எழுதுவது என்னுடையது. அக்கா கழிவைப் பிடிக்க, தான் ரப்பர் மரம் சீவிய தோட்டத்திலிருந்து கித்தாப் பால் பிடிக்கும் மங்குக் கிண்ணங்களைக் கொண்டுவந்திருந்தார். வெள்ளை மங்கு. பச்சைக் கழிவு அதில் பளிச்சென்று தெரியும். கெமிஸ்ட் வாங்கி வைத்திருந்த கண்ணாடிக் குப்பிகளை அவர் தொடவே இல்லை. "கண்ணாடில புடிச்சா எது அழுக்கு எது கண்ணாடின்னு தெரியல தங்கச்சி. இது கித்தாப் பாலே ஒழுங்கா புடிச்ச மங்கு. பீ புடிக்காதா?" என்பார்.

அவரிடம் கைக்கடிகாரம் இல்லை. லகாட் பக்கம் போகும் பஸ்ஸை வைத்து நேரம் சொல்வார். பஸ் வராத நாளில் என்ன செய்வீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "காலு சொல்லும்லா" என்றார். "தோட்டத்துப் பெரட்டுல பேர் குடுக்க நாலரைக்கு எந்திரிச்ச காலு. உக்காரச் சொன்னா உக்காராது." பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தால், அவர் எடுத்த நேரங்கள் மூன்று நிமிடங்களுக்கு மேல் விலகியதே இல்லை.

தைப்பூசத்துக்கு நாற்பத்தெட்டு நாள் இருக்கும்போது அக்கா விரதம் தொடங்கினார். நீலக் கார்டு கிடைக்க வேண்டுமென்று பால்குட நேர்த்தி. கவிச்சி தொடக்கூடாது. மீன் பண்ணையில் வேலை செய்துகொண்டு அது எப்படி முடியும் என்று கேட்டேன். அதற்கும் அவரிடம் சட்டம் இருந்தது.

"உசிரோட நீந்துற மீனு கவிச்சி இல்ல. அது சாமி படைச்ச பிள்ள. செத்தாத்தான் கவிச்சி. எண்ணெய் செத்த மீனுலேருந்து வர்றது. அத நான் தொட மாட்டேன். நீ கலந்துரு."

"அப்ப கழிவு?"

"பீ என்னைக்குடி கவிச்சியாச்சு? அது வெறும் பீ."

இருவரும் சிரித்தோம். எண்ணெய் கலக்கும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். கெமிஸ்டிடம் சொல்லவில்லை. "வேலைக்குள்ள சாமியைக் கொண்டு வராதேங்கோ" என்று அவர் முந்திய வருடமே கடிந்திருந்தார். நிரந்தர வேலை கைக்கு எட்டும் நேரத்தில் அவர் காதில் இது விழ வேண்டாம் என்று நினைத்தோம். பதிவேட்டில் கலந்தவர் பெயருக்கு நேரே 'ரா' என்றே எழுதினேன்.

பத்து நாள் கழித்து அக்கா ஒரு மங்கைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். சுறா எண்ணெய்த் தொட்டியில் எடுத்தது.

"இங்க பாரு. தண்ணி மேல மினுமினுன்னு இருக்கு. மோந்து பாரு."

"கழிவு நாற்றம்தானே அக்கா."

"பீ நாத்தம் எனக்குத் தெரியாதா? இது எண்ணெ நாத்தம். தின்ன எண்ணெ அப்படியே வெளிய வருதுலா. மீனு வயித்துல நிக்கல. அந்தப் பக்கத்துத் தொட்டியில இப்படி இல்ல. கெமிஸ்டுகிட்ட சொல்லு."

"உங்களுக்கு விரத மூக்கு அக்கா" என்றேன். அவ்வளவுதான் நான் செய்தது. ஒரு கேலி.

அவர் கோபிக்கவில்லை. ஆனால் எண்ணெய் அப்படியே வருவதால் அதுவும் கவிச்சிதான் என்று முடிவு செய்துவிட்டார். சுறா எண்ணெய்த் தொட்டி மூன்றையும் தைப்பூசம் வரை நான் பார்க்க வேண்டும், பதிலுக்கு என் தராசையும் கழிவு காயவைக்கும் அடுப்பையும் அவர் கழுவி வைப்பார். சரி என்றேன். பதிவேட்டில் அந்த மூன்றுக்கும் 'ரா' என்றே எழுதிக்கொண்டு போனேன்.

அந்த மாதம் நகர நூலகத்திலிருந்து தடித்த நாவல் ஒன்றை எடுத்து வந்திருந்தேன். தொட்டியோரத்தில் ஒரு ஸ்டூல் இருந்தது. எண்ணெய் கலந்து, தீவனம் போட்டு, உட்கார்ந்து படிப்பேன். ஒரு அத்தியாயம் முடியட்டும் என்று இருப்பேன். அரை மணி ஒரு மணியாகும், சில நாள் இரண்டு மணியுமாகும். பிறகு எழுந்து, மூன்று குழாயையும் திருப்பி, கிடைத்ததை மங்கில் பிடித்து, பதிவேட்டில் அரை மணிக்கு ஒன்றாக நேரங்களை எழுதுவேன். என் கையெழுத்து அழகாக இருக்கும். எதிர்ப்பக்கத்தில் அக்கா அவருடைய மூன்று தொட்டிகளுக்கு இடையே நடந்துகொண்டே இருப்பார். சில சமயம் என்னைப் பார்ப்பார். ஒன்றும் கேட்டதில்லை.

முடிவு வந்தபோது கெமிஸ்டின் முகத்தில் நான் அதற்கு முன் பார்க்காத மகிழ்ச்சி. சுறா எண்ணெய், வெளிநாட்டு எண்ணெயைவிட நன்றாகச் செரிக்கிறது என்று கணக்கு சொன்னது. நேரத்துக்கு எடுத்த அக்காவின் தொட்டிகள் உண்மையைச் சொல்லித் தோற்றன. நேரம் தவறிய என் தொட்டிகள் பொய் சொல்லி ஜெயித்தன. இப்போது எனக்கு இது தெளிவாகத் தெரிகிறது. அப்போது தெரியாது என்று எழுத ஆசையாக இருக்கிறது. அக்கா காட்டிய மங்கு அன்று எனக்கு நினைவுக்கு வந்தது, அதை நான் ஒதுக்கிவிட்டேன் என்பதுதான் சரி.

தவுக்கே பங்கோரிலிருந்து சுறா எண்ணெய் வரவழைத்து எல்லாக் குட்டைக்கும் கொடுத்தார். இரண்டு மாதத்தில் குட்டை மேல் எண்ணெய்ப் படலம். மீன் தலை பெருத்து உடம்பு வற்றியது. ஆறுமுகம் அண்ணன் லாரியில் ஏற்றிப் போனதைப் பாசாரில் யாரும் வாங்காமல் திருப்பிக் கொண்டுவந்தார். கெமிஸ்ட் ஒரு நாள் முழுக்கத் தானே அந்த ஸ்டூலில் உட்கார்ந்து, அரை மணிக்கு ஒருமுறை கழிவு எடுத்தார். எண்ணெய் அதில் அப்படியே இருந்தது. சுறா ஈரல் எண்ணெயில் ஒரு பங்கு மீனின் குடலில் உடையாத வகை என்று பிறகு சொன்னார். முதல் சோதனையில் கழிவை நேரத்துக்கு எடுக்கவில்லை என்பது அவருக்குப் புரிந்துவிட்டது.

ஆபீசுக்கு எங்கள் இருவரையும் கூப்பிட்டார். தவுக்கே ஜன்னலோரம் நின்றார். மேசை மேல் பதிவேடு திறந்திருந்தது.

"ஆறு தொட்டியும் உம்மட பொறுப்பு. ஒவ்வொரு வரியிலும் உம்மட பேர்தான் கிடக்கு. நேரத்துக்கு எடுத்தனீரா இல்லையா?" என்று கெமிஸ்ட் அக்காவைக் கேட்டார்.

அக்கா பதிவேட்டைப் பார்த்தார். அவருக்கு வாசிக்கத் தெரியாது, 'ரா' மட்டும் தெரியும். பிறகு என்னைப் பார்த்தார். ஒரே ஒரு முறை.

"நான் எடுத்ததெல்லாம் நேரத்துக்குத்தான் எடுத்தேன் சார்."

அது முழு உண்மை. அதன் மறுபாதியை நான் சொல்வேன் என்று அவர் நின்றார். சொன்னால் அவருடைய விரதம் வெளியே வரும், ஏமாற்றினோம் என்பார்கள், இருவருக்குமே வேலை போகும் என்றெல்லாம் எனக்குள் சொல்லிக்கொண்டேன். அதிலெல்லாம் உண்மை கொஞ்சம் உண்டு. ஆனால் நான் வாய் திறக்காததற்குக் காரணம் அது இல்லை. நேரங்களைப் பொய்யாக எழுதியது என் கை. அதைக் கெமிஸ்ட் பார்ப்பதை என்னால் தாங்க முடியாது. அதுதான் காரணம்.

அன்று மத்தியானமே அவரைப் போகச் சொல்லிவிட்டார்கள். நிரந்தர வேலையும் இல்லை, கடிதமும் இல்லை. அவர் ஆறு மங்கையும் கழுவித் துடைத்து, மூன்றைப் பையில் போட்டுக்கொண்டு, மூன்றை என் ஸ்டூல் மேல் கவிழ்த்து வைத்தார். "அடுப்பக் கழுவிட்டேன். வாரேன்மா" என்றார். அந்த வருடக் கடைசியில் நானும் அந்த வேலையிலிருந்து நின்றுவிட்டேன். மங்குகளை எடுத்துக்கொள்ளவில்லை.

அவரை மறுபடி பார்த்தது இரண்டு வருடம் கழித்து, ஈப்போவில் தைப்பூசக் கூட்டத்தில். மஞ்சள் சேலை, தலையில் பால்குடம். வேலு அண்ணன் பின்னால் செருப்புகளைக் கையில் தூக்கிக்கொண்டு வந்தார். நான் கூட்டத்துக்குள் நழுவப் பார்த்தேன். அவர்தான் கூப்பிட்டார்.

"ஏ தங்கச்சி! எங்க ஓடுற? ஒன்னயத்தான்."

கிட்டே போனேன். பீடோரில் கொய்யாத் தோட்டத்தில் காய்க்குப் பை கட்டும் வேலை, நாள் கூலி, வேலை அனுமதியை ஒவ்வொரு முறையும் அலைந்து புதுப்பிக்கிறோம் என்றார். கார்டு வந்துவிட்டதா என்று கேட்டேன். இல்லை என்றார். பிறகு எதற்குப் பால்குடம் என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது.

"அவன் குடுக்கலன்னா நானும் குடுக்கக் கூடாதா? நல்லா இருக்கே நீ சொல்றது."

குடத்தைத் தலையில் சரிசெய்துகொண்டு, சிரித்தபடியே கேட்டார்.

"அந்தப் பொஸ்தகத்த முடிச்சிட்டியாமா?"

அதில் குற்றச்சாட்டு இருந்ததா, விசாரிப்பு மட்டும்தானா என்று ஐந்து வருடமாகத் திருப்பித் திருப்பிக் கேட்டுப் பார்க்கிறேன். கூட்டம் அவரை முன்னே தள்ளிக்கொண்டு போனது. "பீடோருக்கு வா. கொய்யா தாரேன்" என்று திரும்பிப் பார்க்காமலே சொன்னார். குடத்தோடு திரும்ப முடியாது. நான் போகவில்லை. அவர் இறந்த பிறகுதான் போனேன்.

அந்தப் புத்தகத்தை நான் முடிக்கவில்லை. அவருக்கான பதில் அதுதான்.

அவர் பொருள் எதுவும் என்னிடம் இல்லை. அரை மணி இருக்கிறது. எந்த வேலையில் உட்கார்ந்தாலும், எவ்வளவு நல்ல புத்தகம் கையில் இருந்தாலும், அரை மணிக்குள் கால் எழுந்துவிடுகிறது. திருப்ப வேண்டிய குழாய் எதுவும் இல்லாத அறையில் எழுந்து நிற்கிறேன். இதைச் சிலர் என் பதற்றம் என்கிறார்கள். அது அவருடைய கால்.

அக்காவை எடுத்த மூன்றாம் நாள் கெமிஸ்ட் செல்வதுரையின் வீட்டுக்குப் போனேன். வேலையை விட்டு வீட்டோடு இருக்கிறார். பீடோரில் சொல்லாமல் விட்ட வாக்கியத்தை அவரிடம் சொன்னேன். பதிவேட்டில் எழுதிய நேரங்களைப் பற்றியும் சொன்னேன். அவர் முதலில் கேட்டது அக்காவைப் பற்றி.

"எண்ணெய் அப்படியே வருகுது எண்டு அவ அப்பவே சொன்னவவோ?"

"பத்தாம் நாளே சொன்னார். உங்களிடம் சொல்லச் சொன்னார்."

"நீர் சொல்லேல்லை."

"சொல்லவில்லை."

அவர் எழுந்து போய்த் தட்டச்சு இயந்திரத்தை எடுத்து வந்தார். ராக்கம்மா தன் பொறுப்பில் இருந்த தொட்டிகளில் ஒரு தவறும் செய்யவில்லை, சோதனையில் உண்மையான முடிவைத் தந்தவை அவர் பார்த்த தொட்டிகளே, அந்த எண்ணெய் செரிக்கவில்லை என்பதை முதலில் கண்டவர் அவரே, அவரை வேலையிலிருந்து நீக்கியது பிழை என்று ஆங்கிலத்தில் அடித்துக் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் பீடோருக்குப் போய் வேலு அண்ணனிடம் அதே வாக்கியத்தைச் சொன்னேன். கடிதத்தைத் தமிழில் வாசித்துக் காட்டினேன். "இன்னொரு தடவ படிம்மா" என்றார். படித்தேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டார். மரணத்தைப் பதிவு செய்ய அன்றைக்குத்தான் போக இருந்தார். நானும் கூடப் போனேன். பதிவு அலுவலக முகப்பு மேசையில் இருந்தவர் இறந்தவரின் அடையாளக் கார்டைக் கேட்டார். வேலு அண்ணன் சிவப்புக் கார்டையும் கடிதத்தையும் சேர்த்து நீட்டினார். மேசையில் இருந்தவர் கார்டை எடுத்து இழுப்பறையில் போட்டுக்கொண்டு, இது தேவையில்லை என்று கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தார்.